இரண்டு அளவில் ஜட்டி

லிங்கராஜபுரத்தில் குழந்தைகள் துணிக்கடை ஒன்றில் பில் போட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். அந்தப் பெண்ணின் கையில் டயப்பரை விட்டுப் பழக்கும் ஆர்கானிக் காட்டன் ட்ரெயினிங் ஜட்டிகள், இரண்டு அளவுகளில் இருந்தன.

"எதுக்கு ரெண்டு சைஸ்? பாப்பா இடுப்பு எவ்ளோக்கா?" என்று கேட்டாள் கடைப்பெண்.

"தெரியாதும்மா. போட்டோலதான் பாத்திருக்கோம்."

கடைப்பெண் விழித்தாள்.

"தத்து எடுக்குறோம். ரெண்டரை வயசு. திங்கக்கெழம போய்க் கூட்டிட்டு வரோம்" என்றார் கணவர்.

"அப்போ டயப்பரே வாங்கிக்கங்கண்ணா. புது எடம், பயத்துல அடிக்கடி போவும். இது ஒரு வாட்டிக்குத்தான் தாங்கும். மெத்தையெல்லாம் நனைஞ்சிரும்."

அந்தப் பெண் ஜட்டியின் துணியைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"எங்க வீட்டு மெத்தை பதினோரு வருஷமா காஞ்சேதான் கெடக்குது. நனையட்டும்மா."