கோரைக்குள் ஒரு குருகு

மே மாதத்தில் ஏரிப் பக்கம் வருகிறவர்கள் காலுறையை இரண்டாகப் போட்டுக்கொள்ள வேண்டும். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், யாரும் கேட்பதில்லை. உலகின் இந்தத் தென்கோடியில் மே என்றால் இலையுதிர் காலம்; புல் காலையில் அவ்வளவு ஈரமாக இருக்கும்.

பலெர்மோ பூங்காவின் ஏரிகளைச் சுற்றி ஞாயிறுதோறும் பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிப்போவது நான்தான். பல வருடமாகிறது. என் நடையில் ஒரே ஒரு சட்டம்: நான் கையைத் தூக்கினால் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது, திரும்பக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். முக்குளிப்பான் ஒன்று பக்கத்திலேயே எழும்பியதும் அடங்கிவிடுவார்கள்.

ஆன்செல்மோவை நான் வெறுத்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள் ஐயா. நல்ல மனிதர். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கையும் காலும் சரியாக வராது. தடியூன்றிக் கடைசி ஆளாக நடப்பார். அவர் மனைவி நெலிதா முன்னால் என்னோடு வருவாள். பறவை என்றால் அவளுக்கு உயிர்.

அன்று நான் ஒரு வாத்தைக் காட்டினேன்.

"யோவ் எவாரிஸ்தோ, அது வாத்து இல்லய்யா, பிளாஸ்டிக் பை," என்றார் ஆன்செல்மோ. "கண்ணுல புரையை வச்சுக்கிட்டு யாரை ஏமாத்துற? அடுத்த வாரத்துலேருந்து நான் கூட்டிட்டுப் போறேன். நீ தெர்மோஸைத் தூக்கிட்டு வந்து எல்லாருக்கும் மாத்தே டீ ஊத்திக் குடு, போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நெலிதாவும்தான். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஞாயிறு நடையைத் தவிர எனக்கு வேறு என்ன இருக்கிறது?

கோரை அடர்ந்த கரைக்கு வந்தோம். கண் மங்கிய பிறகு எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பின்னால் ஈர இலையில் தடி வழுக்கியது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம். அப்புறம் என் பெயரின் முன்பாதி.

நான் கையைத் தூக்கினேன். "குருகு. கோரைக்குள்ள, அடியில," என்று கிசுகிசுத்தேன்.

"பின்னால ஏதோ விழுந்த மாதிரி இருக்கே," என்றாள் நெலிதா.

"நீர்க்காகம் முங்குது. திரும்பாதம்மா, இது பறந்துடும்."

சட்டத்தை மதித்தார்கள். அப்படி ஒழுங்கான கூட்டம் எங்கே தேடினாலும் கிடைக்காது. பின்னால் தண்ணீர் அடித்துக்கொள்வது ஓயும்வரை நான் கையை இறக்கவில்லை. தோள் வலிக்கத்தான் செய்தது.

இடுப்பளவுத் தண்ணீர்தான். யாராவது ஒருவர் கை கொடுத்திருந்தால் எழுந்திருப்பார். நான் அவரைத் தொடவே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பது சரிதான். இந்தக் கண்ணுக்குக் கோரையே ஒரு மங்கலான திட்டுதான். அங்கே குருகு எதுவும் இல்லை. ஆனால் நெலிதா அதைப் பார்த்துவிட்டாள். கழுத்தை நீட்டி நின்றது, எவ்வளவு அழகு என்று அடக்கத்தின்போதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இந்த வாக்குமூலத்தை மட்டும் அவளிடம் காட்டவேண்டாம் ஐயா. அவள் மனசு நோகும்படி நான் இதுவரை எதுவும் செய்ததில்லை.