நல்லமுத்து வயித்துக்கு எறக்குன ஆளுக

...ஒண்ணும் கேக்கல மஃறூப் நானா, ஒங்க கடை மருந்து. இந்தாங்க, காலிப் பெட்டி. பூராப் பொட்டலத்தையும் குடுத்து முடிச்சாச்சு. எங்கூட்டுக்காரரு நல்லமுத்து இன்னமும் லயத்து ஊட்டுக்கும் கக்கூசுக்கும் நடையா நடக்குறாரு. வாசப்பக்கம் என்னா பாக்குறீங்க? எனக்குப் பதில் சொல்லுங்க.

மொதல்ல கால்ல அட்ட கடிச்சிச்சு. சொரிஞ்சு சொரிஞ்சு பழுக்க வச்சுக்கிட்டாரு. டிஸ்பென்சரியில ரெண்டு கலர் மாத்தர குடுத்தாங்க. புண்ணு ஆறிருச்சு, வயிறு கழண்டுருச்சு. அப்பறம் நீங்கதான சொன்னீங்க? கொடலுக்குள்ள நல்ல கிருமியும் குடியிருக்கு, சோறு செரிக்கிறதும் சீக்கு அண்டாம இருக்குறதும் அதுகளாலதான், மாத்தர போயி கெட்டதோட சேத்து நல்லதையும் கொன்னுருச்சு, இந்தத் தூள்ல உசுரோட இருக்குறது உள்ள போயி குடியேறும்னு. சரி, வயிறுங்கிற லயம் காலியா கெடக்கு, தோட்டத்துக்கு எறக்குற மாதிரி புதுசா ஆள் எறக்குவோம்னு வாங்கிட்டுப் போனேன். எங்க? ஒருத்தனும் காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்கு வரலயே!

ஒங்களுக்கு சிரிப்பா இருக்கு. ஞாயித்துக்கெழம வலப்பனையில எம்மவன் மதுரனுக்குத் தட்டு மாத்துறோம். பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு, ராகலை தாண்டல, பஸ்ஸ நிப்பாட்டித் தேயிலைக்குள்ள எறங்கி ஓடுறாரு இந்த மனுசன். அங்க போனா, நிஷாந்திப் புள்ள டீயோட வந்து நிக்குது, வருங்கால மாமனாரக் காணோம்! மறுநாளே தரகர்கிட்ட கேட்டு விடுறாங்க, மாப்பிள ஊட்டுல பரம்பர வியாதியான்னு. மதுரன் சோறு திங்காமப் படுத்துட்டான். அந்தப் புள்ளதான் வேணுமாம். இந்தத் தடவையும் இவரு தட்ட வச்சிட்டு எந்திரிச்சு ஓடுனா... அதோட முடிஞ்சுச்சு நானா.

திருட்டுத்தனமா டவுன்ல எண்ண ரொட்டி திங்கிறாருங்க, வேற என்னா? கத்திட்டேன். ஞாயித்துக்கெழம நீங்க வரவே வேணாம், தட்டு மாத்த எங்கண்ணன ஒக்கார வச்சுக்கிறேன்னுட்டேன். திங்கலன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணாரு. நம்புவனா நானு? அதுலேருந்து பேசுறதில்ல. தண்ணி புடிக்கிற பீலிக்கரையில போயி தனியா ஒக்காந்துக்கிறாரு.

என்னாது, எப்பிடிக் குடுத்தேனா? சுத்தபத்தமாத்தான். நீங்க கிருமின்னு சொன்னதுமே எனக்குப் பக்குன்னுச்சு. போன மழைக்கு லயம் பூரா வயித்துப்போக்கு வந்தப்ப, சுகாதாரம் பாக்க வர்ற பி.எச்.ஐ. மாத்தயா கூட்டம் போட்டுச் சொல்லிட்டுப் போனாரு, கிருமி சாகணும்னா தண்ணி தளதளன்னு கொதிக்கணும்னு. அதனால ஒவ்வொரு பொட்டலத்தையும் தேயிலையோட கேத்தல்ல போட்டு, நல்லாக் கொதிக்க வச்சு...

ஏன் நானா அப்பிடிப் பாக்குறீங்க?

...உசுரோட இருக்கணும்னு சொன்னீங்க. ஆமா. சொன்னீங்க.

அட கடவுளே. ஆள் எறக்குனதும் நாந்தான், அவிச்சுக் கொன்னதும் நாந்தானா? அப்ப அந்தாளு ரொட்டி திங்கலயா? பாவம், என்னென்ன பேச்சுப் பேசிட்டேன்...

இன்னொரு பெட்டி குடுங்க. ஆறுன தண்ணியிலயே கலக்கிக் குடுக்குறேன். ஒரு ஒதவி நானா... அவரு இந்தப் பக்கம் வந்தா, பழைய பெட்டிதான் பழுதாப் போனதுன்னு சொல்லிருங்க. ஊட்டுல எனக்கும் கொஞ்சம் மரியாத இருக்கணும்ல? இப்பவும் வாசலயே பாக்குறீங்க, அங்க யாரு...

ஐயோ. எப்ப வந்தீங்க? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா நின்னீங்க? சரி, தப்பு எம்மேலதாங்க. எங்கண்ணன் வேணாம், ஞாயித்துக்கெழம நீங்கதான் தட்டு மாத்தணும். என்னங்க... நில்லுங்க, கோவிச்சுக்கிட்டா ஓடுறீங்க?

ஓ.

நானா, கடைக்குப் பின்னாடி கக்கூசு இருக்குல்ல? சாவியக் குடுங்க, வெரசா!