கோல் கோட்டுச் சுண்ணாம்பு

தேநீரில் சர்க்கரை போட்டுவிட்டேன், தம்பி. வேண்டாமென்றால் வேறு தருகிறேன். லோபிரிட்ஜ் யுனைட்டட் இரண்டே பருவத்தில் ஏன் கலைந்தது என்று எழுதப்போகிறீர்கள். கூட்டம் வரவில்லை என்பார்கள். கூட்டம் வந்தது.

எங்கள் ராவென்லோவுக்கு ஒரு கால்பந்து கிளப், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டட்பிரிட்ஜுக்கு ஒன்று. தனித்தனியாக நடத்த முடியாமல் இரண்டையும் லோபிரிட்ஜ் என்று ஒன்றாக்கினார்கள். கோல்கீப்பர் மட்டும் இரண்டு பேர். எங்கள் கோலில் நின்றவன் என் மகன் நெவில். கமிட்டி டட்பிரிட்ஜ் பையன் க்ளிஃபை எடுத்துக்கொண்டது. அப்போதெல்லாம் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. நெவிலிடம் வாளியையும் பஞ்சையும் கொடுத்தார்கள். எவன் விழுந்தாலும் ஓடிப்போய் ஈரப் பஞ்சால் தேய்த்துவிட வேண்டும். கால் பிசகினாலும் மண்டை உடைந்தாலும் எங்களுக்கு அதுதான் வைத்தியம்.

மைதானத்தில் கோடு போடுவது என் வேலை. கணவருக்குச் சுண்ணாம்புச் சூளையில் வேலை. க்ளிஃப் நல்ல பிள்ளைதான், வாய்தான் ஓயாது.

"என்ன ஹில்டாம்மா, கோடு பாம்பாட்டம் நெளியுது? கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டீங்களா?"

"நீ பந்தப் பாருடா. கோட்ட நான் பாத்துக்கறேன்."

"உங்க பையனுந்தான் பந்தப் பாக்கறான். என்ன, வாளியோட நின்னு பாக்கறான்."

நெவிலும் சிரித்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு, சூளைப் பக்கத்துக் கோல் கோட்டில் மட்டும், வழக்கமான நீற்றிய சுண்ணாம்புக்குப் பதிலாக, நீற்றாத சுட்ட சுண்ணாம்பைப் பொடித்துத் தூவினேன். பார்வைக்கு இரண்டும் வெள்ளைதான். மழையில்லாத வாரம். க்ளிஃபுக்குக் கை வெந்தால் சில நாள் உட்காருவான், நெவில் நிற்பான், அவ்வளவுதான் என் எண்ணம். முதல் பாதியில் வெளியூர்க் கோல்கீப்பர் அங்கே நின்றான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாம் பாதியில் க்ளிஃப் எதிரணி ஆள் ஒருவனின் காலடியில் பாய்ந்தான். முகம் கோட்டில் உரசியது.

"கண்ணு எரியுதுடா, நெவில்."

"பொறுத்துக்கடா, இதோ தொடச்சு விடறேன்."

வாளியை நிரப்பி வைத்தவள் நான். சுட்ட சுண்ணாம்பில் கொஞ்சம் ஈரம் பட்டால் கொதித்துச் சதையை வேகவைத்துவிடும் என்று சூளைக்காரன் மனைவிக்குத் தெரியும். வேலியோரம் நின்றேன். 'தேய்க்காதே' என்று சொன்னால் கேட்கிற தூரம். உனக்கெப்படித் தெரியும் என்று பிறகு கேட்பார்கள். நெவில் நன்றாகத் தேய்த்தான். எந்த வேலையையும் அவன் அரைகுறையாகச் செய்ததில்லை.

"தேய்க்காம நிறையத் தண்ணிய ஊத்தியிருந்தா ஒரு கண்ணாவது தப்பிச்சிருக்கும்" என்றார் டாக்டர். நெவில் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

சுண்ணாம்பு மூட்டை மாறியிருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். டட்பிரிட்ஜ்காரர்கள் மட்டும் நம்பவில்லை. அவர்கள் ஆற்றைத் தாண்டி வருவது நின்றது. கையுறையை நெவிலிடம் நீட்டினார்கள், அவன் தொடவில்லை. கோடைக்குள் கிளப் முடிந்தது.

நெவில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறுதோறும் ஆற்றைத் தாண்டிப் போய், க்ளிஃபைக் கைப்பிடித்துத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போகிறான்.

எழுதுவதை எழுதுங்கள், தம்பி. நான் போனபிறகு, நெவிலும் போனபிறகு அச்சிடுங்கள். இது தெரிந்தால் பிள்ளை தாங்கமாட்டான். இத்தனை வருஷம் அவன் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டவள் நான்.