ஆலைக்குளத்துச் சிவப்பு

நெருப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார், ஜெமைமா. ஈரக் காலணியைக் கழற்று. கம்பளம் நனைந்தால் நனையட்டும். இந்தச் சஃபக் சீமைக் குளிர் புதிதாகக் குடிவந்தவர்களை லேசில் விடாது. உனக்கு ஒரு கதை சொல்கிறேன். நீ குடியேறியிருக்கும் வீட்டின் கதைதான்.

அதோ சுவரில் தொங்குகிற எண்ணெய் ஓவியம், ஓவியர் கிரிம்வுட் வரைந்தது. ஒரு கோடை முழுக்க என் வீட்டு ஆட்டிறைச்சியைத் தின்றுகொண்டே வரைந்தார். நம் ஆலைக்குளம், வில்லோ மரங்கள், மேகம். எல்லாம் பச்சையும் சாம்பலுமாகத் தூங்குகிறதே என்றேன்.

"ஒரு சிவப்பு வெச்சா எழுந்து நிக்கும் பாருங்க" என்று கட்டைவிரலால் ஒரு பொட்டு வைத்தார். குளக்கரையில் சிவப்பு மேலங்கி போட்ட கிழவி. எழுந்துதான் நின்றது. அந்த ஆள் செய்த ஒரே உருப்படியான காரியம்.

லண்டனிலிருந்து விருந்தினர் வருவார்கள். ஓவியத்தைப் பார்த்துவிட்டு, வெளியே போய்க் குளத்தைப் பார்ப்பார்கள். பார்ப்பது என்றால், குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளங்கையளவு கறுப்புக் கண்ணாடியில் விழும் அதன் பிம்பத்தை. இயற்கையை ரசிக்க அதுதான் முறையாம். பிறகு, "அந்தச் சிவப்பக் காணோமே" என்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும்.

அதனால்தான் கெசையாவை நிற்க வைத்தேன். உன் வீட்டில் முன்பு இருந்த விதவை. மேலங்கி நான் கொடுத்தது. வீடும் நான் கொடுத்தது. விருந்தினர் வரும்போது கரையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மரம் நிற்கவில்லையா? அது என்றைக்காவது முனகியதுண்டா?

பனிக்காலத்தில் ஒரு நாள் சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"உடம்பு நெருப்பாக் கொதிக்குதும்மா. இன்னிக்கு ஒருநாள் விட்டுடுங்க."

"கொதிச்சா குளிர் தெரியாதே, கெசையா. முடியலன்னா சொல்லிடு. நாளைக்கே வீட்டைக் காலி பண்ணிடலாம்."

போய் நின்றாள்.

விருந்தினர் முதுகைத் திருப்பிக் கண்ணாடியை உயர்த்தினார்கள். குளத்தை நேராகப் பார்த்தது நானும் தோட்டக்காரன் ரூபனும் மட்டும். கெசையா ஒருமுறை ஆடினாள். பிறகு முகம் குப்புற நீரில் சாய்ந்தாள்.

"கிழவி தண்ணில விழுந்துட்டாம்மா. ஓடட்டுமா?"

"நில்லு. அவங்க பாத்து முடிக்கட்டும்."

மேலங்கி நீரில் விரிந்தது. "அடடா, தண்ணில அந்தச் சிவப்பப் பாருங்க. படத்துல கூட இவ்வளவு அழகில்ல" என்றார் ஒரு கனவான். கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போயிற்று. அவள் கை அசைவது எனக்குத் தெரிந்தது. ஓவியத்தில் எதுவும் அசையக் கூடாது. அது அடங்கும்வரை ரூபனின் சட்டைக்கையை நான் விடவில்லை.

ஊரார் நான் கொன்றேன் என்கிறார்கள். ரசனை கெட்ட ஜனங்கள். நான் அவளைத் தொடக்கூட இல்லை. தொட்டது ஒரு சட்டைக்கையை.

மேலங்கியைத் துவைத்து, இதோ, நெருப்பருகே காயவைத்திருக்கிறேன். போட்டுப் பார், தோளில் சற்றே இறுக்கும். வண்டிச் சத்தம் கேட்கிறது, விருந்தினர் வந்துவிட்டார்கள். கரை வழுக்கும், பார்த்து நில். உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும் மகளே. உன் பிள்ளைகளுக்கு அந்தக் கூரை என்றைக்கும் நிலைக்கட்டும்.