இரண்டாவது தட்டு

— பாத்தியா நஜ்மு? நூத்தி நாப்பது சோதனையும் பாஸ். போதும், இனி ஆள விடு.

— இன்னொரு தடவ ஓட்டுவோம் சுயம்பண்ணே.

— அரே, கெஞ்சுனா மனசு மாற அது என்ன மனுசனா? நம்ம சோதனை புரோகிராம் தானா கமாண்டைப் பாதி அடிக்கும், தானா டேப் சாவியத் தட்டும், கமாண்ட வாங்குற ஷெல் புரோகிராம் மிச்ச ஃபைல் பேரைச் சரியா நிரப்புதான்னு பாக்கும். சரியாத்தான் நிரப்புது.

— அப்ப நம்ம ஆபரேட்டர் பூலோகம் அண்ணாச்சி கதி?

— ‘லேபர் 87’ கூலிக் கணக்கு ஃபைல் பழசு, அதை அழிக்கச் சொன்னா, ‘லேபர் 88’ஐ அழிச்சு வச்சிருக்காரு. அஞ்சு மணிக்குப் பெரிய சாப் டிஸ்மிஸ் லெட்டர்ல கையெழுத்துப் போடுதாரு.

— நான் தொடவே இல்லன்னு புள்ளைங்க மேல சத்தியம் பண்ணுதாரே...

— எல்லாரும்தான் பண்ணுவாங்க.

— நம்ம சோதனை டேப்பை எத்தன தடவ தட்டுது?

— ஒரு தடவ. ரெண்டு ஃபைலுக்கும் பொதுவான ‘லேபர் 8’ வரைக்கும் ஷெல் நிரப்பி, பீப்னு கத்தி நிக்கும். மிச்சத்த ஆளுதான் அடிக்கணும்.

— இந்த ஏசி இரைச்சல்ல பீப் எவன் காதுல விழும்? இன்னொரு தட்டு தட்டுவாங்க. எல்லாத்துலயும் ரெண்டு தட்டு வைங்க.

— வேண்டாம்...

— ஏன்?

— நேரமாவும்.

— மணி மூணுதான ஆவுது? தள்ளுங்க, நானே மாத்துதேன்.

— ஏட்டி, நில்லு... சொன்னா கேளு...

— ஓட விட்டாச்சு. பத்து... முப்பது... ஐயோ, நின்னுட்டு! திரையப் பாருங்கண்ணே. ரெண்டாவது தட்டுக்குக் கேக்காமலே ‘லேபர் 88’ஐ எடுத்துக்கிடுது!

— ரெண்டாவது தட்டுக்கு அப்படி எடுக்கும்படி ஷெல்ல மாத்தி வச்சது நான்தான். போன மாசம். வேல வேகமா நடக்கட்டுமேன்னு... யார்ட்டயும் சொல்லல. அண்ணாச்சியப் பிடிச்சப்பவும் வாயத் தொறக்கல. கேவலமா இருக்கு நஜ்மு.

— இதை அச்சடிங்க. அஞ்சு மணிக்கு முன்னால பெரிய சாப் மேசைக்குப் போவணும்.

— போவும். என் பேரை எழுதிக் கையெழுத்தும் போடுதேன். ஒண்ணு மட்டும் சொல்லு... ரெண்டு தடவ தட்டுவாங்கன்னு ஒனக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சுது?

— அன்னைக்கு அண்ணாச்சி சாயா குடிக்கப் போயிருந்தாரு. ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு அவரு சீட்ல உக்காந்து, பழச அழிக்கப் போயி டேப்பை ரெண்டு தடவ தட்டுனது நான்தாண்ணே. ஒங்க பேருக்கு மேல என் பேரை எழுதுங்க.