சில்வான்ர போத்தில்

சில்வானர் என்பது வெள்ளை வைன் செய்யும் ஒரு பழைய திராட்சை இனத்தின் பெயர். அது தெரிந்திருந்தும் நான் வாய் திறவாமல் வேடிக்கை பார்த்தேன். அதுதான் நான் செய்த பிழை.

எண்பத்தாறாம் ஆண்டு மார்கழியில், டென்மார்க்கின் விபோர்க் நகரத்து பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். கம்பளித் தொப்பிக்குள் இருந்த என்னைத் தமிழன் என்று அவர்கள் அறியவில்லை.

"ஃபோர்மன் நத்தார் பெருநாளுக்குத் தந்தவன்," என்று கணவர் கையிலிருந்த வைன் போத்தலைக் காட்டினார். "சில்வானர் எண்டு போட்டிருக்கு."

"சில்வான்ரயோ? அப்ப இது ஆரோ சில்வாவின்ர போத்தில்!"

"எங்கட ஃபாக்டரியில சில்வா எண்டு ஒருத்தரும் இல்லையப்பா."

"வேலையை விட்டிட்டுப் போயிருப்பான். பேர் ஒட்டின சாமானை ஆரும் சும்மா தருவினமே? விசா வர முதல் கள்ளன் எண்ட பட்டம் வேணுமோ உங்களுக்கு?"

போத்தலை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். நான் அதை எடுத்துப்போய்க் குடித்தேன்.

மனம் உறுத்தியது. அடுத்த வாரம் அதே வைனை வாங்கி, அவர்கள் வழக்கமாக இருக்கும் இடத்தில் வைத்தேன். ஏறி வந்த மனைவி அதைக் கண்டதும் அலறினார்.

"இஞ்சருங்கோ, சில்வா எங்களைத் தேடி வந்திட்டான்!"

இருவரும் அடுத்த தரிப்பிலேயே இறங்கி, கொட்டும் பனியில் நடந்தார்கள். அந்தப் போத்தலையும் நான்தான் குடித்தேன்.