கடன்காரர் வந்த அன்றைக்கு

உக்கடத்தில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னது காதில் விழுந்தது.

“கடன்காரர் ஊடு தேடி வந்த அன்னிக்குத்தானுங்கக்கா நாங்க வயிறாரச் சாப்பிட்டோம்.”

“அதெப்படி அம்மணி?”

“எங்க ஊட்டுக்காரர் வேலை செஞ்ச மில்லை மூடிப்போட்டாங்க. மளிகைக்கடை பாய்க்குப் பாக்கி நின்னுபோச்சு. வெக்கப்பட்டு அந்தப் பக்கமே போகலீங்க. அவரே அரிசி, பருப்போட வந்துட்டாரு. ‘பாக்கிக்குப் பயந்து புள்ளைங்களப் பட்டினி போடுவீங்களா’ன்னு சத்தம் போட்டாருங்க. இவரையும் கடையில வேலைக்குச் சேத்துக்கிட்டாரு.”

“பாக்கியைச் சம்பளத்துல பிடிச்சுக்கறாரா?”

“நாங்களே பிடிச்சுக்கச் சொன்னமுங்க. ‘பொண்ணு வெறுங்காலோட பள்ளிக்கூடம் போகுது, மொதல்ல செருப்பு வாங்குங்க’ன்னுட்டாரு.”

பஸ் கிளம்பியது. அவள் பையிலிருந்து ஒரு ஜோடி சின்னச் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.